பேய்ப் படமெல்லாம் சலித்துப்போனவர்களுக்குச் சில படங்கள்

கதாநாயகி குளியலறையில் முகம் கழுவுகிறாள். கண்ணாடி பதித்த அலமாரியைத் திறக்கிறாள். பின்னணி இசை அடங்குகிறது. அலமாரியை மூடும்போது அவள் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கப்போகிறார்கள் என்பது, நாலு பேய்ப் படம் பார்த்த எவருக்கும் முன்கூட்டியே தெரியும். "இப்போதெல்லாம் எந்தப் படமும் பயமாகவே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பயப்படும் குணம் எங்கேயும் போய்விடவில்லை. படம் போடும் தாளம் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அமைதி வந்தால் அடுத்தது அலறல் என்று உடம்பு தயாராகிவிடுகிறது. இவர்களுக்கு இன்னும் அதிக ரத்தம், இன்னும் அதிக சத்தம் என்று தேடிக் கொடுப்பதில் பயனில்லை. தாளமே வேறாக இருக்கும் படம் வேண்டும்.

அந்தப் பழகிய தாளம் எங்கே தொடங்கியது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ, தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் ஒரு படத்தை ஒன்றரை லட்சம் டாலருக்குள் முடிக்கச் சொல்லியிருந்தது. அரக்க வேஷங்களுக்குச் செலவழிக்க அது போதாது. அதனால் இயக்குநர் ஜாக் டூர்னர் நிழலையும் ஓசையையும் நம்பினார். இரவில் ஒரு பெண் பூங்கா மதிலோரம் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. நடையைக் கூட்டுகிறாள், ஓடுகிறாள். திடீரென்று ஒரு சீறல்! நாம் துள்ளி விழுகிறோம். வந்து நின்றது ஒரு பஸ், கேட்டது அதன் பிரேக் சத்தம். சினிமாக்காரர்கள் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எண்பது வருஷத்துக்கு மேலாக அதே பஸ் வந்துகொண்டிருக்கிறது. கதவு மறைவிலிருந்து பூனை பாய்வதும், நண்பன் பின்னாலிருந்து தோளைத் தொடுவதும் அந்தப் பஸ்தான். பின்னால் வந்தவர்களில் பலர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அந்தப் பெண் நடந்த நீண்ட நடையை விட்டுவிட்டார்கள். பயம் இருந்தது நடையில்.

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. லாண்டிஸ், ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1939இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராத துப்பாக்கி வெடிச் சத்தத்துக்கு மனிதர்கள் எப்படித் துள்ளுகிறார்கள் என்று அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். முதலில் கண் இமைக்கிறது, பிறகு கழுத்தும் தோளும் முன்னால் குறுகுகின்றன. சுட்டுச் சுட்டுப் பழகிய போலீஸ்காரர்களுக்கும் அந்த இமைப்பு போகவில்லை. மூளைத்தண்டு மட்டத்திலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல் இது. மனசு வரை போகவேண்டிய தேவையே இல்லை. இதயத் துடிப்பை அளந்து 'உலகிலேயே பயங்கரமான படம்' என்று அவ்வப்போது பட்டியல் போடுகிறார்களே, அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். அவை பெரும்பாலும் துள்ளலைத்தான் அளக்கின்றன.

பயம் மூளையில் வேறு வழிகளில் போகிறது, அதுவும் ஒரே வழியில் இல்லை. மருத்துவ ஆய்வுகளில் 'எஸ்.எம்.' என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு, அரிய நோய் ஒன்றால் மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் அழிந்துபோய்விட்டது. ஆய்வாளர்கள் பாம்பைக் காட்டினார்கள், பேய் வீட்டுக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள், பயங்கரப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர் பயப்படவே இல்லை என்று 2011இல் எழுதினார்கள். 2013இல் அதே பெண்ணைக் கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது கதையே மாறிவிட்டது. மூச்சு முட்டும் உணர்வு வந்ததும் அவர் பீதியில் முகமூடியைப் பிடுங்கப் பார்த்தார். எதற்குமே அஞ்சாதவருக்கும் ஒரு கதவு திறந்தே இருந்திருக்கிறது.

நீல் மார்ஷல் இயக்கிய 'தி டிசென்ட்' (2005) அந்தக் கதவைத்தான் தட்டுகிறது. ஆறு பெண்கள் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள். படத்தின் பின்பாதியில் ஜந்துக்கள் வருகின்றன, அவை பரவாயில்லை ரகம். முன்பாதியில் ஒருத்தி இடுக்கில் ஊர்ந்து போகும்போது நடுவில் மாட்டிக்கொள்கிறாள். கையை நகர்த்த இடமில்லை, மேலே மண் உதிர்கிறது. எத்தனை படம் பார்த்துத் தேறியவராக இருந்தாலும் அங்கே தன் மூச்சைத் தானே கவனிக்க ஆரம்பித்துவிடுவார். பிரிட்டனில் வெளிவந்த முடிவோடு இருக்கும் பிரதியைப் பாருங்கள். அமெரிக்காவில் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு ஓட்டினார்கள்.

தமிழில் படம் பார்க்கும் நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நம் பேய்களுக்கு பிளாஷ்பேக் உண்டு. 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று வரிசையாக வந்த படங்களில் பேய் என்பது அநியாயம் செய்யப்பட்ட ஓர் ஆள். இடைவேளைக்குப் பிறகு அதன் கதையைச் சொல்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நாம் பேயின் கட்சி. வில்லனை அது எப்போது தூக்கிப்போட்டு மிதிக்கும் என்று காத்திருக்கிறோம். அதில் நியாயம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கோவை சரளா இருக்கிறார். பயம் இருக்க முடியாது. விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' (2009) இதற்கு நல்ல உதாரணம். மாதவன் குடிவரும் பதின்மூன்றாம் மாடி வீட்டில் லிப்ட் அவருக்கு மட்டும் வேலை செய்யாது. பால் திரிந்துபோகிறது. டிவி சீரியலில் ஒரு குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர் வீட்டிலும் நடக்கிறது. காரணம் தெரியாத வரை அந்தப் படம் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும். தெரிந்த பிறகு அது ஒரு நல்ல துப்பறியும் கதை.

சரி, காரணம் சொல்லாத பேய் எப்படி இருக்கும்? அதற்கு ஜப்பானுக்குப் போகவேண்டும். 'ரிங்' மாதிரிப் படங்களைச் சொல்லவில்லை, அவற்றின் நகல்களைப் பார்த்துப் பார்த்தே நீண்ட கூந்தல் பேய் நமக்குச் சலித்துவிட்டது. நான் சொல்வது கியோஷி குரோசாவா. அகிரா குரோசாவாவுக்கு உறவில்லை, பெயர் ஒற்றுமை மட்டும்தான். அவருடைய 'கைரோ' (2001) இணையம் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய காலத்துப் படம். மோடம் இணையும்போது வரும் அந்தக் கிரீச் ஒலி படம் முழுக்க உண்டு. செத்தவர்கள் இருக்கும் இடம் நிரம்பிவிட்டது, அவர்கள் இந்தப் பக்கம் கசிகிறார்கள் என்று ஒருவர் ஊகமாகச் சொல்கிறார். விளக்கம் என்று கிடைப்பது அவ்வளவுதான். அதுவும் சரியா தவறா என்று தெரியாது.

அதில் ஒரு காட்சி. சிவப்பு டேப் ஒட்டி அடைத்த அறைக்குள் ஒருவன் நுழைகிறான். தூரத்துச் சுவரோரம் ஒரு பெண் நிற்கிறாள். அவள் அவனை நோக்கி நடந்து வருகிறாள், மெதுவாக. கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் அவள் கால் தடுமாறுவதுபோல் உடம்பு ஒரு பக்கமாகச் சரிகிறது, சரிந்தபடியே நின்று, மறுபடி நிமிர்ந்து வருகிறாள். பாயவில்லை, கத்தவில்லை, முகத்துக்கு குளோஸ்அப் இல்லை. ஒரு வழக்கமான படம் இதே காட்சியில் மூன்று வெட்டு வெட்டி, கடைசி வெட்டில் அவளை லென்ஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். நாமும் துள்ளி, சிரித்து, மூச்சு விட்டிருப்போம். குரோசாவா அந்த மூச்சை விடச் சம்மதிப்பதில்லை. கண்ணை எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. 2006இல் ஹாலிவுட் இதைத் திரும்ப எடுத்தது. வெட்டுகளும் சத்தமும் சேர்ந்தன, பயம் காணாமல் போயிற்று. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் நான் சொல்ல வருவது அரை மணியில் விளங்கிவிடும்.

அவருடைய 'கியூர்' (1997) இன்னும் ஒரு படி மேல் என்பது என் கட்சி. டோக்கியோவில் தொடர்ச்சியாகக் கொலைகள். கொலையாளி ஒவ்வொரு முறையும் வேறு ஆள்: ஆசிரியர், போலீஸ்காரர், டாக்டர். யாருக்கும் நோக்கம் இல்லை, எல்லாச் சடலங்களிலும் ஒரே மாதிரி எக்ஸ் வடிவக் கீறல். இவர்கள் எல்லோரையும் சந்தித்தவன் மறதி பிடித்த ஓர் இளைஞன். எதைக் கேட்டாலும் பதிலுக்கு, "நீ யார்?" என்று கேட்கிறான். அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கோஜி யாகுஷோ நடித்த துப்பறிவாளர் அவன் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். யார் யாரை விசாரிக்கிறார்கள் என்று கொஞ்ச நேரத்தில் குழப்பம் வந்துவிடும். ஒரு கொலை பட்டப்பகலில், காவல் சாவடி வாசலில், தூரத்தில் வைத்த கேமராவில் நடக்கிறது. ஒருவர் ஏதோ அன்றாட வேலை செய்வதுபோல் வந்து சக போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். இசை எதுவும் நம்மை எச்சரிப்பதில்லை. பிரேமில் எந்த மூலையைப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை என்றால், நாம் எல்லா மூலையையும் பார்க்க ஆரம்பிக்கிறோம். பழுத்த ரசிகரையும் பயமுறுத்தும் படங்கள் செய்வது இதைத்தான்: அவை சுட்டிக்காட்ட மறுக்கின்றன. 'கியூர்' ஓர் உணவகத்தில் முடிகிறது. கடைசி ஷாட்டில் பின்னால் போய்வருகிற பணிப்பெண்ணின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நிறையப் பேர் அதைத் தவறவிட்டுவிட்டு "என்னப்பா, இப்படியே முடிந்துவிட்டதே" என்கிறார்கள்.

சுட்டிக்காட்டாமல் இருப்பது புதுசு இல்லை. ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னொசன்ட்ஸ்' (1961) கறுப்பு வெள்ளைப் படம். தனி மாளிகை, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் டெபரா கெர். அகலத்திரை வேண்டும் என்று ஸ்டுடியோ பிடிவாதமாக இருந்ததால், ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் ஓரங்களில் வண்ணம் பூசிய பில்டர்களை வைத்து இரண்டு பக்கத்தையும் இருளடையச் செய்தார். விளைவாக, நடுவில் பேசிக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு நம் கண் ஓரத்துக்கே போய்க்கொண்டிருக்கும். ஏரிக்கு அக்கரையில், நாணல் நடுவில், பகல் வெளிச்சத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். வெறுமனே நிற்கிறாள். பேய் உண்மையா, பார்த்துக்கொள்ள வந்தவளின் மனப்பிராந்தியா என்பதைப் படம் கடைசிவரை முடிவு செய்வதில்லை. இரண்டாவதுதான் உண்மை என்றால் அது இன்னும் மோசம் என்பது படம் முடிந்து யோசிக்கும்போதுதான் உறைக்கும்.

இரண்டு வருஷம் கழித்து ராபர்ட் வைஸ் எடுத்தது 'தி ஹான்டிங்'. லூட்டனிடம்தான் அவர் இயக்குநராக ஆரம்பித்தார், அந்தப் பள்ளியின் பாடம் படம் முழுக்கத் தெரியும். பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ இடிக்கிறது, பிறகு அந்தக் கனமான மரக் கதவு உள்நோக்கிப் புடைக்கிறது. ஒட்டுப்பலகையில் செய்த கதவைப் பின்னாலிருந்து ஆள் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். தெரிந்து பார்த்தாலும் வேலை செய்கிறது. 1999இல் இதையும் கணினி வரைகலையோடு மறுபடி எடுத்தார்கள். எல்லாவற்றையும் காட்டினார்கள். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பேய் நம்பிக்கையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜார்ஜ் ஸ்லோய்சரின் டச்சுப் படமான 'ஸ்போர்லூஸ்' (1988). விடுமுறைக்கு பிரான்ஸ் வழியாகக் காரில் போகும் ஓர் இளம் ஜோடி பெட்ரோல் பங்கில் நிற்கிறது. குளிர்பானம் வாங்கப்போன பெண் திரும்பி வரவில்லை. வழக்கமான திரில்லராக இருந்தால் யார் செய்தது என்பதைக் கிளைமாக்ஸ் வரை இழுப்பார்கள். இங்கே அதைச் சீக்கிரமே காட்டிவிடுகிறார்கள். ஆள் ஒரு வேதியியல் ஆசிரியர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என்று நல்ல குடும்பஸ்தர். மயக்க மருந்து எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்று தன்மேலேயே சோதித்துப் பார்க்கிறார். காரில் ஆளை ஏற்றுவதை வெறுங்காரில் ஒத்திகை பார்க்கிறார், தன் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்கிறார். சில ஒத்திகைகள் சொதப்புவது சிரிப்பாகக்கூட இருக்கும். காணாமல்போனவளின் காதலனுக்கோ மூன்று வருஷம் கழித்தும் ஒரே ஒரு விஷயம் தெரிந்தாகவேண்டும்: அவளுக்கு என்ன ஆயிற்று? நமக்கும் அதுதான் தெரிந்தாகவேண்டும். அந்த ஆவலைத்தான் படம் தூண்டிலாகப் பயன்படுத்துகிறது. ரத்தம் கிடையாது, ஏறக்குறைய எல்லாமே நல்ல வெயிலில் நடக்கிறது. முடிவை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். 1993இல் ஹாலிவுட்டுக்காக அதே இயக்குநரே மறுபடி எடுத்து முடிவை மாற்றினார். தப்பித் தவறிக்கூட அதை முதலில் பார்த்துவிட வேண்டாம்.

கொரியாவின் 'தி வெய்லிங்' (2016) நம் ஊர்க்காரர்களுக்கு வேறு விதத்தில் நெருக்கமானது. நா ஹாங்-ஜின் இயக்கிய இந்தப் படம் 156 நிமிஷம் ஓடும். மலைக் கிராமத்தில் குடும்பங்களுக்குள்ளேயே கொலைகள், ஓர் அசட்டுப் போலீஸ்காரர், அவருடைய சின்ன மகள் மேல் இறங்கிவிட்ட ஏதோ ஒன்று. ஊருக்கு வெளியே தனியாக வாழும் ஒரு ஜப்பானியர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். மந்திரவாதியை வரவழைக்கிறார்கள். மேளம், கோழி, கத்தி, ஆவேச ஆட்டம் என்று நீளும் அந்தச் சடங்கு, உடுக்கையடித்துப் பேயோட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகவே தோன்றாது. அங்கேதான் படம் நம்மை மாட்டிவிடுகிறது. இரண்டு இடத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும்போது, இது அதற்கு எதிராக நடக்கிறது என்று நாமாகவே கோத்துக்கொள்கிறோம். அப்படி யாரும் நமக்குச் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்ற யாரை நம்புவது என்று அந்த அப்பா நடுத்தெருவில் நிற்கும்போது நமக்கும் பதில் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் காமெடியாகப் போகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் 'லேக் முங்கோ' (2008) ஒரு பொய் ஆவணப்படம். ஜோயல் ஆண்டர்சன் எடுத்தது. தண்ணீரில் மூழ்கி இறந்த பதினாறு வயசுப் பெண்ணின் குடும்பம் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறது. புகைப்படங்கள், மங்கலான வீடியோக்கள். பேய்ப் படம் என்பதைவிட துக்க வீடு என்று சொல்லலாம். அதில் ஒரே ஒரு செல்போன் காட்சி இருக்கிறது, அது போதும். பெயர்கள் ஓடும்போதும் எழுந்துவிடாதீர்கள். ஏற்கெனவே பார்த்த இடங்களில் நாம் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று அங்கே காட்டுகிறார்கள்.

பக்கத்து மாநிலத்திலிருந்து ஒன்று சேர்க்கவேண்டும் என்றால் ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் 'பூதகாலம்' (2022). மன அழுத்தத்தில் இருக்கும் அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். ஒரே வீட்டுக்குள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பாத நிலை. பேயைவிட அந்த நம்பாமைதான் ரொம்ப நேரம் பயமுறுத்துகிறது.

இதெல்லாம் கேட்டுவிட்டு, திடீரென்று துள்ளவைக்கும் 'ஜம்ப் ஸ்கேர்' என்றாலே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 'தி எக்ஸார்சிஸ்ட் 3' (1990) படத்தில் ஒரு மருத்துவமனை நடைக்கூடம் வருகிறது. கேமரா ஒரு கோடியில் நின்றுவிடுகிறது. மறுகோடியில் இரவுப் பணி நர்ஸ் போகிறாள், வருகிறாள், ஒரு சத்தம் கேட்டு ஓர் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். நடுவில் ஒரு பொய் அதிர்ச்சியும் உண்டு, அதோடு முடிந்தது என்று உடம்பு தளர்கிறது. நிஜமானது அதற்குப் பிறகு வருகிறது. எனக்குத் தெரிந்து லூட்டன் பஸ்ஸை நடையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்த காட்சி இது. 'ஹெரெடிட்டரி' (2018) இதற்கு நேர் எதிர். இருட்டறையில் மகன் கண் விழிக்கிறான், அவனுக்குப் பின்னால் கூரையோரம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இசை எதுவும் சொல்வதில்லை. கூட்டமாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் வெவ்வேறு நொடியில் அதைக் கண்டுபிடிப்பது காதில் விழும். டகாஷி மீகேயின் 'ஆடிஷன்' (1999) முதல் பாதி காதல் படம்போல ஓடும். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண், மணி அடிக்கும் டெலிபோன், பின்னால் ஒரு சாக்குமூட்டை என்று ஒரு ஷாட் வந்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. கடைசி இருபது நிமிஷச் சித்திரவதை எல்லோராலும் தாங்கக்கூடியது இல்லை.

பார்க்கும் விதமும் முக்கியம். இந்தப் படங்கள் ஓரத்திலும் பின்னணியிலும் வைத்திருப்பதை, போனை நோண்டிக்கொண்டே பார்ப்பவர் பார்க்கவே மாட்டார். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ டப் செய்ததைத் தவிர்த்து சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங்கில் முதலில் அடிபடுவது அறையின் மெல்லிய இரைச்சலும் தூரத்து ஓசையும்தான். குரோசாவா படத்தில் பாதி பயம் அதில்தான் இருக்கிறது. 'கைரோ'வில் தற்கொலை அடிக்கடி வருகிறது. மனசு சரியில்லாத நாட்களில் அதைத் தள்ளிவைப்பது நல்லது.

இதிலும் அசையாதவர்களுக்கு, பேயும் இல்லாமல் கொலைகாரனும் இல்லாமல் இரண்டு படங்கள் மிச்சம். பி.பி.சி. 1984இல் ஒளிபரப்பிய 'த்ரெட்ஸ்', ஷெஃபீல்டு நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஆவணப்படத்தின் வறண்ட குரலில் சொல்கிறது. கல்யாணத்துக்குத் தயாராகும் ஒரு சாதாரண ஜோடி, வால்பேப்பர் ஒட்டுவது, பின்னணி ரேடியோவில் யாரும் காது கொடுக்காத செய்தி. குண்டு விழுவது படத்தின் நடுவில். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் கதை போகிறது, பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பேச்சே அரைகுறையாகத்தான் வருகிறது. எலெம் கிளிமோவின் சோவியத் படம் 'கம் அண்ட் சீ' (1985), நாஜிப் படை பிடித்திருந்த 1943இன் பெலாரஸில் ஒரு சிறுவன் பார்ப்பதைக் காட்டுகிறது. அவன் முகம் சில நாட்களுக்குள் கிழவன் முகமாகிறது. ஊராரோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628 என்று கடைசியில் எழுத்தில் வருகிறது. கிளிமோவ் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் 'ஸ்போர்லூஸ்' என்பேன். பேயை நம்பாதவரும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருப்பார். அது பிடித்துப்போனால் 'கியூர்', அப்புறம் 'கைரோ'. 'தி வெய்லிங்'குக்கு மறுநாள் லீவு இருக்கும் இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'த்ரெட்ஸ்'ஸை மட்டும் வேறு எதோடும் சேர்த்து ஒரே நாளில் பார்க்காதீர்கள்.